வெற்றுக் கோது சொல்லும் வரலாறு

அமெரிக்காவின் மேற்குப் புல்வெளிகளைக் களமாகக் கொண்ட கௌபோய்ப் படங்களை நம்மிற் பலர் பார்த்திருக்கிறோம். குதிரை பாய்கிறது, துவக்கு ஓயாமல் வெடிக்கிறது, கதாநாயகனின் தோட்டா மட்டும் தீர்வதேயில்லை. அந்தத் தோட்டா எங்கே செய்யப்பட்டது, அதற்கு யார் விலை கொடுத்தார், வெடித்த பின் எஞ்சிய வெற்றுக் கோதுக்கு என்ன நேர்ந்தது என்று எவரும் கேட்பதில்லை. வீரனைப் போற்றுவோர் அவனது கருவியின் வரலாற்றை மறைத்துவிடுகின்றனர். சமுதாய வரலாற்றைக் கற்க விரும்பும் நாம் வீரனை விட்டுக் கோதைக் கையில் எடுத்துப் பார்ப்போம். வெடித்த கோதை எறிந்துவிடாது, தன் வீட்டிலோ கூடாரத்திலோ இருந்தவாறே அதை மீண்டும் நிரப்பிக்கொள்ள மனிதன் கற்ற கதை வெறும் தொழில்நுட்பக் கதையன்று. அது உடைமையின் கதையுமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, துவக்கு வைத்திருந்தவன் மருந்தையும் ஈயக்குண்டையும் தனித்தனியே சுமந்து சென்று, குழலின் வாய் வழியாக இட்டுக் கெட்டித்தே சுட்டான். வேகம் குறைவு, ஆயினும் தோட்டாத் தொழிற்சாலை என்ற ஒன்றை அவன் எதிர்பார்த்திருக்கவில்லை. உலோகத் தோட்டா இந்நிலையை மாற்றியது. கோது, தட்டினால் தீப்பொறி கக்கும் சிறு கேப்பு, மருந்து, சன்னம் ஆகிய நான்கும் தொழிற்சாலையில் ஒன்றாக்கப்பட்டு அவன் கைக்கு வந்தன. வேகம் பெருகியது, அதனோடு சார்பும் பெருகியது.

1866 ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஹைரம் பேர்டனும் ஆங்கிலேயரான எட்வேர்ட் பொக்ஸரும் கோதின் அடிநடுவில் தனிக் கேப்பைப் பொருத்தும் முறைகளுக்குக் காப்புரிமை பெற்றனர். இவற்றுள் பொக்ஸரின் முறையில் பழைய கேப்பை அகற்றிப் புதியதைப் பொருத்துவது மிக எளிது. காலப்போக்கில் ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவிலும், அமெரிக்கரின் முறை ஐரோப்பாவிலும் நிலைபெற்றமை வரலாற்றின் விநோதங்களுள் ஒன்று. அமெரிக்க வீடுகளிலே தோட்டா நிரப்பும் பழக்கம் ஆழ வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணமாயிற்று. ஆனால், முதற்காரணம் பொருளாதாரமே. வெடித்தவுடன் மருந்து எரிந்துவிடுகிறது, சன்னம் பறந்துவிடுகிறது, கேப்பு பயனற்றுப் போகிறது. எஞ்சுவது பித்தளைக் கோது. தோட்டாவின் விலையில் பெரும்பங்கு அதற்கே உரியது. ஆகவே, அதை எறிவது காசை எறிவதாகும்.

காசை எண்ணிச் சுடவேண்டிய தேவை யாருக்கு இருந்தது? காட்டெருமைத் தோலைத் தொழிற்சாலைப் பயனுக்கு ஏற்றவாறு பதனிடும் முறை 1871 அளவில் கைகூடியது. கிழக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆலைகள் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. நீராவியின் சுழற்சியை இயந்திரங்களுக்குக் கடத்தும் பட்டிகளுக்கு வலிய தோல் வேண்டியிருந்தது. 1872 இல் புகையிரதப் பாதை கன்சாஸ் மாநிலத்து டொட்ஜ் நகரை எட்டியது. தோலுக்குச் சந்தையும், தோலைச் சுமக்க வழியும் ஒருங்கே அமைந்தன. வேலை தேடிய ஏழைகளும், போர் முடிந்து திரும்பிய படைவீரரும் ஆயிரக்கணக்கிற் புல்வெளிக்குப் புறப்பட்டனர்.

இவர்களே தோட்டா நிரப்பும் கலையின் முதல் மாணவர்கள். காலையிற் சுடுதல், பகலெல்லாம் தோலுரித்தல், இரவில் தீயருகே அமர்ந்து தோட்டா நிரப்புதல் என்பதே அவர்களது நாட்கடமை. ஈயக் கட்டியை உருக்கி அச்சில் வார்த்தனர். பகலிற் பொறுக்கிய கோதுகளைத் துடைத்தனர். கேப்பு மாற்றி, மருந்தளந்து, சன்னத்தைப் பொருத்தினர். கற்பிக்கப் பள்ளியில்லை. பழகியவனின் கையைப் பார்த்துப் புதியவன் கற்றான். கவனம் பிசகியவன் துவக்கையோ, கையையோ இழக்க நேர்ந்தது. திரைப்படம் காட்டும் வீரன் இவனல்லன். தோலின் விலையை எங்கோ இருந்த வியாபாரி தீர்மானிக்க, தோட்டாவின் செலவைக் குறைப்பதொன்றே தன்னால் இயன்றதெனக் கண்ட உழைப்பாளி இவன்.

சிக்கனம் நற்குணம் என்று நாம் மாணவருக்குப் போதிக்கிறோம். ஆனால், அந்தச் சிக்கனம் எதற்கு உதவியது என்பதையும் கேட்டல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட அமெரிக்காவில் ஏறத்தாழ 3 கோடிக் காட்டெருமைகள் வாழ்ந்தன என்பது இன்றைய ஆய்வாளர் பலரின் மதிப்பீடு. 1870 களின் இறுதிக்குள் தென்புல மந்தை அழிந்தது. 1881 இல் வடபுலப் புகையிரதம் மொன்டானாவின் மைல்ஸ் நகரை எட்டியபின், 1883 அளவில் வடபுல மந்தையும் மறைந்தது. 1889 இல் வில்லியம் ஹோர்னடே என்ற விலங்கியலாளர் கண்டம் முழுவதிலும் எஞ்சியவற்றைக் கணக்கிட்டார். அவருக்குக் கிடைத்த தொகை 1,091. மலிவாய் நிரப்பிய தோட்டா கொலையை மலிவாக்கியது. மலிவான கொலை வேடனின் பிழைப்பையே விழுங்கியது. தோல் தீர்ந்த புல்வெளியில் எலும்பு பொறுக்கி, உர ஆலைகளுக்கு விற்று வாழ்ந்தோரும் உண்டு. இலாபம் போன இடம் வேறு.

இது கதையின் ஒரு பாதி. மறுபாதி அதே புல்வெளியின் வேறு கூடாரங்களில் நிகழ்ந்தது. நமது பழைய பாடநூல்கள் 'செவ்விந்தியர்' என்று ஒரே பெயரால் அடக்கிய லக்கோட்டா, ஷையென், கொமாஞ்சி, கயோவா முதலிய மக்களுக்குக் காட்டெருமை உணவு, உடை, கூடாரம், வாழ்வின் முழு ஆதாரம். துவக்கோடு வந்தவரைத் துவக்கின்றி எதிர்த்தல் இயலாதென அவர்கள் விரைவிலே கண்டுகொண்டனர். வியாபாரியிடம் துவக்கு வாங்கலாம். தோட்டா எப்போதும் கிடைக்காது. எனவே அவர்களும் கோதைப் பாதுகாக்கக் கற்றனர். இம்மக்களைக் காட்டுமிராண்டிகளாகவே கருதிய கேணல் ரிச்சர்ட் டொட்ஜ் 1882 இல் வெளியிட்ட நூலில் இதனைப் பதிவு செய்துள்ளார். சுட்ட கோதுகளை அவர்கள் பேணி வைத்து, பழைய வகைத் துவக்குகளுக்கான சிறு கேப்புகளை அவற்றில் இறுக்கிப் பொருத்தி மீண்டும் நிரப்பினர் என்கிறார். தமக்கென வடிவமைக்கப்படாத ஒரு பொருளை ஆராய்ந்து, கிடைத்ததைக் கொண்டு அதைப் புதுப்பித்த அறிவு எவ்வகையிற் காட்டுமிராண்டித்தனம்?

1868 இன் லராமிக் கோட்டை ஒப்பந்தம் கருங்குன்றுப் பிரதேசத்தை லக்கோட்டா மக்களுக்கே உரியதாக ஏற்றிருந்தது. 1874 இல் கஸ்டர் தலைமையிற் சென்ற படை அங்கே பொன் இருப்பதாக அறிவித்தது. ஒப்பந்தம் காற்றிற் பறந்தது. 1876 யூன் 25 ஆம் நாள் லிட்டில் பிக்ஹோர்ன் ஆற்றங்கரையில் லக்கோட்டா, ஷையென், அரப்பஹோ வீரர் கஸ்டரையும், அவரது நேரடித் தலைமையில் இருந்த ஐந்து படைப்பிரிவுகளையும் முற்றாக அழித்தனர். 1983 இல் அக்களத்தைக் காட்டுத்தீ எரித்துத் துப்புரவாக்கியபின், தொல்லியலாளர் நிலத்தை ஆராய்ந்து கோதுகளையும் சன்னங்களையும் திரட்டினர். கோதின் அடியில் ஊசி பதித்த தடங்களைக் கொண்டு ஒவ்வொரு துவக்கும் நகர்ந்த வழியையே அவர்களால் வரைய முடிந்தது. பழங்குடி வீரர் 40 க்கும் மேற்பட்ட வகைத் துவக்குகளைக் கையாண்டிருந்தனர். அன்றைய அரச படையின் செப்புக் கோதோ, கேப்பு உள்ளே அடைக்கப்பட்டு மீண்டும் நிரப்ப இயலாதவாறு அமைந்தது. அரசுக்கு அந்தக் கவலை தேவையில்லை. அதன் பின்னால் ஆயுதசாலை இருந்தது.

இவ்விடத்திலேதான் நமது கேள்வி கூர்மை பெறுகிறது. அறிவும் துணிவும் இருந்தும், ஒரு பெருவெற்றி கிட்டியும், அம்மக்கள் ஏன் தோற்றனர்? கோதைக் காப்பாற்ற அவர்களால் இயன்றது. ஆனால், மருந்தும் ஈயமும் கேப்பும் வியாபாரியின் பண்டசாலையிலிருந்தே வந்தன. இதை வாஷிங்டன் நன்கறிந்திருந்தது. போர் நடந்த சில வாரங்களில், 1876 ஓகஸ்டில், அப்பகுதிப் பழங்குடியினருக்கு உலோகத் தோட்டா விற்பதைத் தடுக்க ஜனாதிபதிக்கு அதிகாரமளிக்கும் தீர்மானத்தைக் கொங்கிரஸ் நிறைவேற்றியது. அதே மாதத்தில், கருங்குன்றைக் கையளிக்கும்வரை உணவுப் பங்கீட்டுக்குப் பணம் இல்லையென்றும் சட்டம் செய்தது. பின்னர் குடியிருப்புகளிலே துவக்குகளும் குதிரைகளும் பறிக்கப்பட்டன. 1877 பெப்ரவரியில் கருங்குன்று சட்டப்படி அபகரிக்கப்பட்டது. கனடாவுக்குச் சென்ற தலைவர் சிற்றிங் புல், 1881 யூலையில் தம் மக்களின் பட்டினியைக் காணப் பொறாது திரும்பிவந்து சரணடைந்தார். அவரை வென்றது தோட்டாவன்று, காட்டெருமையற்ற புல்வெளியே.

தோட்டா நிரப்பும் கலை பின்னரும் வாழ்ந்தது. 1884 இல் ஜோன் பார்லோ என்பவர் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில், வீட்டிலே தோட்டா நிரப்புவதற்கான சிறு கருவிகளைச் செய்து விற்கத் தொடங்கினார். கருவியோடு கையேடுகளும் அச்சாயின. ஒரு காலத்தில் தேவை கற்பித்ததை இப்போது நூல் கற்பித்தது. இன்று அந்நாட்டில் அது இலட்சக்கணக்கானோரின் பொழுதுபோக்கு. மேசையருகே அமர்ந்து கோதைத் துடைக்கும் ஒருவர், தம் கைப்பழக்கத்தின் முன்னோர் யாவர் என எண்ணிப் பார்ப்பது அரிது.

நாம் துவக்கின் புகழைப் பாட இதை எழுதவில்லை. 2009 இல் முடிந்த நீண்ட போரின் வெற்றுக் கோதுகள் இன்னும் மண்ணிற் கிடக்கும் நாட்டிலிருந்து எழுதும் நமக்கு அந்த மயக்கம் இருக்க நியாயமில்லை. நாம் சொல்ல விழைவது இதுவே: ஒரே கைத்திறன் ஒரு கூடாரத்தில் இலாபத்தின் ஏவலாளாகவும், மறு கூடாரத்தில் உயிர்காக்கும் முயற்சியாகவும் இருந்தது. இரு கூடாரத்தாரும் இறுதியில் இழந்தவர்களே. திறமையை ஒருவன் தனியே கற்றுக்கொள்ளலாம். அத்திறமைக்கு வேண்டிய மூலப்பொருள் பிறர் கையில் இருக்கும்வரை அவன் சுதந்திரன் ஆவதில்லை. 'சொந்தமாகத் தொழில் கற்றுக்கொள், எல்லாம் சரியாகிவிடும்' என்று இளைஞருக்கு உபதேசிப்போர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

1980 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், கருங்குன்று அபகரிக்கப்பட்டமைக்காக வட்டியுடன் 10 கோடி டொலருக்கு மேற்பட்ட இழப்பீடு வழங்கப்பட வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. அந்த மக்கள் பணத்தை ஏற்க மறுத்தனர். தங்களுக்கு வேண்டியது நிலமே என்றனர். வெற்றுக் கோதைப் பேணிய தலைமுறை தன் பிள்ளைகளுக்கு விட்டுச் சென்ற தெளிவு அது.