இளஞ்சிவப்பு நாடா

இளஞ்சிவப்பு நாடா என்பது மார்பகப் புற்றுநோய் பற்றிய விழிப்புணர்வுக்காக உலகெங்கும் அணியப்படும் சின்னமாகும். அக்டோபர் மாதத்தில் இதனை மிகுதியாகக் காணலாம். ஆனால் இதற்கு முன்னோடியான நாடாவின் நிறம் இளஞ்சிவப்பு அன்று.

பொதுச் செய்தி ஒன்றைச் சொல்ல நாடாவைப் பயன்படுத்துவது அமெரிக்காவில் பரவிய வழக்கம். 1979 இல் தெஹ்ரானில் பணயக் கைதியாகப் பிடிக்கப்பட்ட தூதரக அதிகாரியின் மனைவி பென்னி லெயிங்கன், தம் வீட்டு மரத்தில் மஞ்சள் நாடா கட்டினார். 1991 வளைகுடாப் போரின்போது படைவீரர்களுக்காக மஞ்சள் நாடா மீண்டும் எங்கும் தோன்றியது. அதே ஆண்டு நியூயார்க் கலைஞர்கள் சிலர் எய்ட்ஸ் நோயாளிகளுக்காகச் சிவப்பு நாடாவை உருவாக்கினர். சிவப்பு குருதியைக் குறித்தது. அவர்கள் அதற்கு உரிமை கோரவில்லை; எவரும் செய்து அணியலாம் என்று விட்டுவிட்டனர். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இயங்கும் செஞ்சுருள் சங்கங்களின் பெயர் இந்த நாடாவிலிருந்து வந்ததே.

மார்பகப் புற்றுநோய்க்கான நாடாவைத் தம் வீட்டில் செய்யத் தொடங்கியவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த சார்லட் ஹேலி என்னும் 68 வயது மூதாட்டி. அவருடைய பாட்டி, சகோதரி, மகள் மூவருக்குமே அந்நோய் வந்திருந்தது. அவர் செய்த நாடா பீச் பழ நிறத்தது. ஐந்து நாடாக்களை ஓர் அட்டையில் வைத்து, அக்கம்பக்கத்தாரிடமும் கடைகளிலும் கொடுத்தார். தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆண்டுச் செலவான 180 கோடி டாலரில் 5 விழுக்காடு மட்டுமே நோய்த் தடுப்புக்குப் போகிறது என்று அட்டை கூறியது. நாடாவை அணிந்து சட்டமன்ற உறுப்பினர்களை விழிக்கச் செய்யுமாறு வேண்டியது. அதாவது, அது ஓர் அரசியல் கோரிக்கை.

1992 இல் 'செல்ஃப்' இதழும் எஸ்டீ லாடர் ஒப்பனைப் பொருள் நிறுவனமும் அவருடைய நாடாவைப் பயன்படுத்த அனுமதி கேட்டன. வணிக நோக்கம் மிகுந்தது எனக் கருதி ஹேலி மறுத்துவிட்டார். வேறு நிறத்தைத் தேர்ந்துகொள்ளலாம் என வழக்கறிஞர்கள் இதழுக்கு ஆலோசனை கூறினர். பெண்மைக்குரியதாகக் கருதப்பட்ட இளஞ்சிவப்பு அவ்வாறு வந்தது. முந்தைய ஆண்டு நியூயார்க்கில் நடந்த ஓட்ட நிகழ்ச்சியொன்றிலும் இளஞ்சிவப்பு நாடா வழங்கப்பட்டிருந்தது.

புதிய நாடா ஒப்பனைக் கடைகள் வழியே லட்சக்கணக்கானோரை அடைந்தது. முன்பு வாய்விட்டுச் சொல்லக் கூசிய நோயைப் பெண்கள் வெளிப்படையாகப் பேச அது உதவியதை மறுக்க இயலாது. ஆனால் தடுப்புக்கான நிதி பற்றிய ஹேலியின் கேள்வி அதில் இடம்பெறவில்லை. பின்னர் பல நிறுவனங்கள் தம் பொருள்களில் அந்நிறத்தைப் பூசி விற்றன. 2002 இல் சான் பிரான்சிஸ்கோவின் நோயாளர் அமைப்பொன்று, இளஞ்சிவப்புப் பொருளை வாங்குமுன் அதன் விலையில் எவ்வளவு பணம், எந்தப் பணிக்குப் போகிறது என்று கேட்கும்படி வாங்குவோரைத் தூண்டும் இயக்கத்தைத் தொடங்கியது.