விரைவை உரைக்கும் சொற்கள்: எல்லைப்புறத்திலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

தேன்கனிக்கோட்டைக் கடைத்தெருவில் ஒருவரை விரைந்து வரச் சொல்ல நான்கு மொழிகள் துணை நிற்கின்றன. கன்னடத்தார் ‘பேக’ என்பர். தெலுங்கர் ‘த்வரகா’ என்பர். உருது பேசுவோர் ‘ஜல்தி’ என்பர். தமிழர் ‘சீக்கிரம்’ என்பர். இவற்றுள் ‘பேக’ என்பது வேகம் என்னும் வடசொல்லின் கன்னட வடிவம். ‘த்வரகா’வும் தமிழில் வழங்கும் ‘துரித’மும் ஒரே வடமொழி வேரில் கிளைத்தவை. ‘ஜல்தி’ பாரசீக வழி வந்தது. ‘சீக்கிர’மும் வடசொல்லே. வழிப்போக்கரும் வணிகரும் படைகளும் கடந்துசென்ற எல்லைப்புறம் இது என்பதற்கு இந்நான்கு சொற்களே சான்று.

ஐந்தாவதாக வந்தது ஆங்கிலம். 1792இல் பாராமகாலும், திப்பு சுல்தான் வீழ்ந்த 1799இல் ஓசூர்ப் பகுதியும் கும்பினியார் ஆட்சிக்கு உட்பட்டன. அன்று கச்சேரியோடு நின்ற ஆங்கிலம், 1970களில் ஓசூரில் சிப்காட் தொழில் வளாகம் தோன்றிய பின் தொழிற்கூடத்திற்கும் தெருவிற்கும் வந்தது. இன்று இயந்திரமும் ‘பாஸ்ட்’, அதனை இயக்குபவரும் ‘பாஸ்ட்’, விலைவாசி ஏறுவதும் ‘பாஸ்ட்’ என்றாகிவிட்டது.

ஆயின் ஆங்கிலேயர் தம் மொழியில் அனைத்தையும் அவ்வொரு சொல்லால் உரைப்பதில்லை. ஓடும் பொருளின் இயல்பைச் சுட்ட ‘பாஸ்ட்’. சிறுபொழுதில் முடியும் செயலுக்குக் ‘குயிக்’. வளர்ச்சியும் மாற்றமும் அடுத்தடுத்து நிகழ்கையில் ‘ராபிட்’. தடையின்றிப் பாயும் இயக்கத்திற்கும் உடனடி நடவடிக்கைக்கும் ‘ஸ்விப்ட்’. எண்ணாது செய்யும் பிழைக்கு ‘ஹேஸ்டி’. வண்டி ‘பாஸ்ட்’ ஆகலாம். அவ்வண்டியில் ஏறுமுன் அருந்தும் தேநீர் ‘குயிக்’ ஆகுமேயன்றிப் ‘பாஸ்ட்’ ஆகாது.

அச்சொற்களின் பிறப்பும் வியப்புக்குரியது. ‘பாஸ்ட்’ என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் உறுதியானது, அசையாதது என்பதே பொருள். சாயம் போகாத துணியை ஆங்கிலத்தில் இன்றும் அச்சொல்லாலேயே குறிப்பர். உறுதியாக, வலிந்து ஓடுதல் என்னும் வழக்கிலிருந்து விரைவுப் பொருள் பின்னர் கிளைத்தது. ‘குயிக்’ என்றால் உயிருள்ளது. ‘ராபிட்’ என்பதன் இலத்தீன் வேர் பறித்துச் செல்லுதலைக் குறிப்பது.

இவ்வகைப் பொருள் வளர்ச்சி தமிழுக்குப் புதிதன்று. ‘கடு’ என்னும் அடி வன்மையையும் குறிக்கும், விரைவையும் குறிக்கும். கடும்பாறையும் கடுநடையும் ஓரடிப் பிறந்தவை; ‘கடுகி வந்தான்’ என்பது விரைந்து வந்தான் என்பதே. சுறுசுறுப்பான பிள்ளையைத் ‘துடியான பிள்ளை’ என்னுமிடத்து உயிர்த்துடிப்பே விரைவாகிறது. ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு மொழிகள் ஒரே தடத்தில் நடந்திருப்பது எண்ணி மகிழத்தக்கது.

இத்துறையில் தமிழர் இலக்கணமும் வகுத்துள்ளனர். தொல்காப்பியர் உரியியலில் கதழ்வு, துனைவு ஆகிய இரண்டிற்கும் விரைவுப் பொருள் உரைத்தார். ‘கடி’ என்னும் உரிச்சொல்லுக்குக் கூறிய பத்துப் பொருள்களுள் விரைவையும் ஒன்றாக வைத்தார். விரைவு பற்றி அடுக்கிவரும் சொல் மூன்று முறைக்கு மேல் அடுக்காது என எச்சவியலில் வரம்பு கட்டினார். இவற்றினும் நுட்பமானது வினையியலில் உள்ளது: நிகழ்வதையும் இனி வருவதையும் விரைவு கருதி இறந்தகாலத்தாற் கூறலாம் என்பது அவ்விதி. ஆண்டு விரைவு பெயரடையில் இல்லை. காலம் காட்டும் இடைநிலையிலேயே அமைந்துவிடுகிறது.

அறிவியல் வந்தபோது வேறொரு தேவை எழுந்தது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராசாசி, 1916இல் தமிழில் அறிவியற் சொற்களை ஆக்கும் சங்கமொன்றைத் தொடங்கினார். அத்தகைய முயற்சிகளின் தொடர்ச்சியாகவே இன்று தமிழகப் பாடநூல்கள் திசை கருதாத விரைவை ‘வேகம்’ என்றும், திசையோடு கூடியதைத் ‘திசைவேகம்’ என்றும், அதன் மாறுபாட்டு வீதத்தை ‘முடுக்கம்’ என்றும் வழங்குகின்றன. ஈழத்துப் பாடநூல்களில் முதலாவது ‘கதி’, இரண்டாவது ‘வேகம்’, மூன்றாவது ‘ஆர்முடுகல்’. ஆகவே ‘வேகம்’ என்னும் ஒரே சொல் பாக்குநீரிணையின் இருகரையிலும் இருவேறு அளவைகளைச் சுட்டுகிறது. ஒரு கரை நூலை மறுகரை மாணவன் கற்கும்போது கணக்கே பிழையாகும். சொல் தேர்வு வெறும் அழகு பற்றியதன்று என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டா.

கவிதைக்கும் இது பொருந்தும. ஆற்றுப் பெருக்கும், அம்பின் பாய்ச்சலும், தாயின் பதைப்பும் ‘வேகம்’ என்னும் ஒரே சொல்லுள் அடைபடும்போது மூன்றும் தம் முகம் இழக்கின்றன. பிறமொழிச் சொல் புகுவதால் மட்டும் மொழி மெலிவதில்லை. ‘பேக’வும் ‘ஜல்தி’யும் கடைத்தெருவை வளப்படுத்தியே வந்துள்ளன. பல சொற்கள் நின்ற இடத்தில் ஒன்றே நிற்கும்போதுதான் மொழி மெலிகிறது. கதழ், துனை, கடுகு, முடுகு, ஒல்லை ஆகியவை அகராதியில் உறங்குகின்றன. அவற்றை எழுப்ப வல்லவர் கவிஞரே.

இலக்கண மரபோ உறங்கவில்லை. தேன்கனிக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் வண்டி புறப்படும் வேளையில், தேநீர்க் குவளையை இன்னும் கீழே வைக்காத ஒருவர், அழைக்கும் நண்பருக்கு “இதோ வந்துட்டேன்” என்று குரல் கொடுக்கிறார். அவர் இன்னும் ஓரடியும் எடுத்து வைக்கவில்லை. எனினும் இறந்தகாலத்தாற் கூறிவிட்டார். தொல்காப்பியர் வகுத்த விதி அவர் நாவில் வாழ்கிறது.