ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல்: வைரஸ் புரதங்களும் நோய் எதிர்ப்பும்

வளர்ப்புப் பன்றிகளைச் சில நாட்களிலேயே கொன்றுவிடும் வைரஸ் நோய் இது, மனிதருக்குத் தொற்றாது. கென்யாவில் ஐரோப்பியக் குடியேறிகளின் பன்றிகள் கூட்டமாக மடிந்ததை ஆராய்ந்து, கால்நடை மருத்துவர் யூஸ்டேஸ் மான்ட்கோமரி 1921இல் முதன்முதலாக விரிவாக எழுதினார். அதுவரை தெரிந்திருந்த பன்றிக் காய்ச்சலுக்கு எதிர்ப்பாற்றல் பெற்ற பன்றிகளும் இதற்குத் தப்பவில்லை. ஆப்பிரிக்காவின் வார்ட்ஹாக் காட்டுப்பன்றிகளிலும் அவற்றின் வளைகளில் வாழும் உண்ணிகளிலும் இந்த வைரஸ் பெரும் தீங்கின்றிக் குடியிருக்கிறது.

ஆப்பிரிக்காவைத் தாண்டி 1957இல் போர்ச்சுகலின் லிஸ்பனிலும், 1960இல் மீண்டும் அதே நகரிலும் நோய் தலைகாட்டியது. இரண்டாம் முறை ஸ்பெயினுக்கும் தாவியது. வீரியம் குறைத்த உயிர் வைரஸைப் போர்ச்சுகலில் அவசரமாகத் தடுப்பூசியாகப் போட்டார்கள். ஏராளமான பன்றிகள் நிமோனியா, மூட்டு வீக்கம் என நாட்பட்ட நோயில் விழுந்தன. அந்த அடியின் அச்சம் தடுப்பூசி ஆய்வை நெடுங்காலம் தயங்க வைத்தது.

1960இல் ஆய்வாளர்கள் மாம்குவிஸ்ட், ஹே இருவரும் முக்கியமான ஒன்றைக் கண்டார்கள். வைரஸ் புகுந்த வெள்ளணுவைச் சுற்றிப் பன்றியின் சிவப்பணுக்கள் பூவிதழ்போல ஒட்டிக்கொண்டு நின்றன. நோயைக் கண்டறிய இதுவே நீண்டகாலம் நம்பகமான சோதனையாக இருந்தது. அப்படி ஒட்டவைப்பது சிடி2வி என்ற வைரஸ் புரதம் என்பது பின்னாளில் தெரிந்தது. அது பன்றியின் நோயெதிர்ப்பு வெள்ளணுக்களான டி செல்களில் உள்ள சிடி2 புரதத்தை ஒத்தது.

வைரஸின் டிஎன்ஏவில் 150க்கும் மேற்பட்ட புரதங்களுக்கான மரபுக்குறிப்பு உள்ளது. வெளிக்கூட்டின் முதன்மைப் புரதமான பி72, அதோடு பி30, பி54 ஆகியவற்றுக்கு எதிராகப் பன்றியின் உடல் எதிர்பொருள்களைத் தாராளமாகவே உருவாக்குகிறது. ஆனால் அவை மட்டும் பன்றியைக் காப்பதில்லை என்பதை 2004இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மறுஆண்டு ஆய்வில், எதிர்ப்பாற்றல் பெற்ற பன்றிகளிடமிருந்து சிடி8 டி செல்களை நீக்கியபோது அந்தப் பாதுகாப்பும் போயிற்று. இந்நோயின் எதிர்ப்பாற்றல் வரலாற்றில் இவ்விரண்டையும் திருப்புமுனை என்றே சொல்ல வேண்டும். காக்காத அதே எதிர்பொருள்கள் வேறு வகையில் கைகொடுத்தன: ரத்தத்தில் அவற்றைத் தேடியே ஸ்பெயின் நோய்தாங்கிப் பன்றிகளை இனங்கண்டு ஒழித்து, 1995இல் நோயிலிருந்து விடுபட்டது.

வைரஸ் தங்கிப் பெருகுவது, கிருமிகளை விழுங்க வேண்டிய மேக்ரோபேஜ் செல்களுக்குள்ளேயே. அங்கே ஏ238எல் புரதம் அழற்சிக்கான சமிக்ஞைகளை அடக்குகிறது; எம்ஜிஎஃப் குடும்பப் புரதங்கள் பல, வைரஸை எதிர்க்கச் செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரானை முடக்குகின்றன. இத்தகைய மரபணுக்களை வெட்டியெடுத்து வைரஸை வலுவிழக்கச் செய்வதே இன்றைய தடுப்பூசி முயற்சிகளின் முதன்மையான வழி.

2007இல் ஜார்ஜியாவை அடைந்த வைரஸ் வகை 2018இல் சீனாவிலும், 2020இல் அசாம், அருணாச்சலப் பிரதேசத்திலும் பரவியது. ஐ177எல் என்ற மரபணு நீக்கிய தடுப்பூசிக்கு வியட்நாம் 2022இல் அனுமதி அளித்தது. ஊசி போட்ட பன்றிகள் நூற்றுக்கணக்கில் இறந்ததால் அதே ஆண்டிலேயே நிறுத்தியும் வைத்தது. ஊசி போட்டவற்றில் உரிய வயதை எட்டாதவையும் இருந்தன. அடுத்த ஆண்டு, இறைச்சிக்காக வளர்க்கும் பன்றிகளுக்கு நாடு முழுவதும் தடுப்பூசி போட வியட்நாம் ஒப்புதல் தந்தது.