நிர்வாணம்: ஒரு சொல்லும் ஓர் இசைக்குழுவின் முதல் கணக்கும்

நம் பிள்ளைகள் போட்டுக்கொண்டு திரியும் கறுப்பு டி-ஷர்ட்டில் 'நிர்வாணா' என்ற பெயரைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பதும் உண்டு. உடையில்லாமை என்ற ஒரு பொருளே தமிழ்ப் பேச்சில் தங்கிவிட்டது. சமணராகிய எங்களுக்கோ அது மகாவீரர் பாவாபுரியில் அடைந்த வீடுபேறு. தீபாவளி விளக்கே அதற்காகத்தான் ஏற்றுகிறோம். 'அணைந்து போதல்' என்பது சொல்லின் வேர்ப்பொருள்.

இச்சொல் கனத்த ராக் இசைக்குழு ஒன்றுக்குப் பெயரானது எப்படி? அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் அபர்டீன் என்பது மரத்தொழிலை நம்பிய ஊர், அத்தொழில் நொடித்துக்கொண்டிருந்தது. அவ்வூர் இளைஞர்கள் கர்ட் கோபேனும் கிறிஸ்ட் நோவொசெலிக்கும் 1987-ல் குழு சேர்த்தார்கள். பல பெயர்களை வைத்து மாற்றி, 1988-ல் இந்தப் பெயரில் நின்றார்கள். முரட்டுப் பெயர் வேண்டாம், அழகான பெயர் வேண்டும் என்பது கோபேனின் எண்ணம். பௌத்தம் வழியாக இச்சொல் அவருக்குக் கிடைத்தது.

நான் வியாபாரி. எந்த வரலாற்றிலும் வரவு செலவைத்தான் முதலில் தேடுவேன். 1988 ஜனவரியில் சியாட்டில் நகரில் ஜாக் எண்டினோ என்ற ஒலிப்பதிவாளரிடம் முதல் பதிவு. செலவு 152 டாலர் 44 சென்ட். கூட்டிப் பெருக்கும் வேலையில் வந்த கூலியிலிருந்து கோபேன் அதைக் கொடுத்தார். அவ்வூர்ச் சிறு நிறுவனமான சப் பாப் அதைக் கேட்டுவிட்டு, அதே ஆண்டு நவம்பரில் ஓர் இசைத்தட்டை ஆயிரம் பிரதி மட்டும் போட்டது. ஒவ்வொன்றிலும் கையால் எண் எழுதினார்கள்.

அடுத்தது 'பிளீச்' என்ற முதல் ஆல்பம், ஜூன் 1989. ஒலிப்பதிவுச் செலவு 606 டாலர் 17 சென்ட். கையில் காசில்லை. ஜேசன் எவர்மேன் என்ற நண்பர் கொடுத்தார். அதில் அவர் ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை. நன்றிக்காக உறையில் கிதார் கலைஞர் என்று அவர் பெயரைப் போட்டார்கள். கொஞ்ச காலம் மேடையில் வாசித்தார், அந்த ஆண்டே விலகினார். கொடுத்த பணம் திரும்பவில்லை. அந்த ஆல்பமோ பிற்காலத்தில் அமெரிக்காவில் மட்டும் பத்து லட்சம் பிரதிக்கு மேல் விற்றது!

சப் பாப்பின் கணக்கு வேறு மாதிரி. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும் என்று குழுவினரே வற்புறுத்தி 1989-ல் கையெழுத்து வாங்கினார்கள். பின்னர் அவர்கள் ஜெஃபன் என்ற பெரிய கம்பெனிக்குப் போனபோது, அந்தக் காகிதம் இருந்ததால் சப் பாப்புக்கு 75,000 டாலரும் விற்பனையில் பங்கும் கிடைத்தன. 1991 செப்டம்பரில் வந்த 'நெவர்மைண்ட்' உலகமெங்கும் விற்றபோது, மூழ்கும் நிலையிலிருந்த சப் பாப் அந்தப் பங்கினால் பிழைத்தது.

ஆக, எழுதி வாங்கியவன் கரையேறினான். நம்பிக் கொடுத்தவனுக்கு உறையில் பெயர் மட்டும் நின்றது. கோபேன் 1994-ல் 27 வயதில் மறைந்தார். எவர்மேன் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து சிறப்புப் படைவீரரானார்.

பற்றை விடச் சொல்லும் எங்கள் சமயமும் வாங்கிய கடனை விடச் சொல்லவில்லை. கொடுத்தவர் கேட்காமல் இருந்தாலும் பேரேட்டில் அந்த வரி இருக்கத்தான் செய்யும். அந்த டி-ஷர்ட் போடும் பிள்ளைகளிடம் சொல்லின் பொருளோடு இந்த 606 டாலர் கணக்கையும் சொல்லுங்கள்.