இருசக்கர வண்டிகளில் வழிகாட்டும் திரை: வரலாறும் தேர்வும்

இருசக்கர வண்டியின் கைப்பிடியருகே பொருத்தப்பட்டு, போகவேண்டிய வழியைக் காட்டும் சிறு மின்னணுக் கருவி வழிகாட்டித் திரை எனப்படும். சில வண்டிகளில் இது வேகமானியோடு சேர்ந்தே வருகிறது. சிலர் தனியாக வாங்கிப் பொருத்துகின்றனர். செல்பேசியையே தாங்கியில் மாட்டி ஓட்டுபவர்களும் பலர்.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. திரையை இரண்டு நொடி பார்த்தால் 33 மீட்டர் தூரம் சாலையைப் பார்க்காமலே ஓட்டியதாகிவிடும். 2022ஆம் ஆண்டு இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். எனவே ஒரு திரையைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் கேட்க வேண்டியது, அது எவ்வளவு நேரம் கண்ணைப் பிடித்து வைக்கிறது என்பதே. நூறாண்டுகளுக்கு மேலாக இக்கருவிகளைச் செய்தவர்கள் மோதிக்கொண்டிருந்ததும் இந்தக் கேள்வியோடுதான்.

தாள் சுருள் காலம்

செயற்கைக்கோளுக்கு முன்பே வழிகாட்டும் கருவிகள் இருந்தன. 1909இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஜோன்ஸ் லைவ்-மேப் என்னும் கருவியில் வட்டமான தாள் தட்டு ஒன்று இருக்கும். காரின் சக்கரத்தோடு கம்பியால் இணைக்கப்பட்டிருந்ததால் வண்டி ஓட ஓடத் தட்டும் சுழலும். எந்த இடத்தில் எப்பக்கம் திரும்பவேண்டும் என்பது தட்டின் விளிம்பில் அச்சிடப்பட்டிருக்கும். 1920களில் பிரிட்டனில் கைக்கடிகாரம் போல் மணிக்கட்டில் கட்டும் சிறு சுருள் வரைபடம் வந்தது. 1930களில் இத்தாலியில் வந்த இத்தர் ஆவ்ட்டோ என்ற கருவி, வேகமானியோடு இணைந்து, வரைபடச் சுருளைத் தானாக நகர்த்தியது. வழி மாறிச் சென்றால் சுருளையே மாற்றவேண்டும் என்பது இதன் குறை.

சுருள் தாள் மோட்டார் சைக்கிளில் மட்டும் நெடுங்காலம் தாக்குப்பிடித்தது. 1978 டிசம்பரில் பாரிசிலிருந்து டக்கார் நகரை நோக்கித் தொடங்கிய நெடும்பந்தயத்தின் வீரர்கள் கைப்பிடியின் மேல் ஒரு பெட்டியில் தாள் சுருளை வைத்து ஓட்டினர். அதில் முழு வரைபடம் கிடையாது. தூரம், திருப்பத்தைக் குறிக்கும் சிறு கோட்டுப்படம், ஆபத்துக் குறி ஆகியவை மட்டுமே இருக்கும். பாலைவனத்தில் விரைந்து செல்பவனுக்கு அதற்கு மேல் படிக்க நேரமில்லை. இன்றைய அம்புக்குறித் திரைகளைப் பார்ப்பவர்களுக்கு இந்தச் சுருளின் நினைவு வராமல் இராது.

அசையும் வரைபடம்

1981இல் ஹோண்டா நிறுவனம் எலெக்ட்ரோ கைரோ-கேட்டர் என்னும் கருவியைத் தன் கார்களுக்கு அளித்தது. ஹீலியம் வாயுத் தாரையைக் கொண்டு வண்டி எப்பக்கம் திரும்பியது என்பதை அறிந்து, திரையின் மீது செருகிய கண்ணாடித்தாள் வரைபடத்தில் ஓர் ஒளிப்புள்ளியாக இடத்தைக் காட்டும். உலகின் பெரிய மோட்டார் சைக்கிள் நிறுவனம் இதை முதலில் காரில்தான் வைத்தது. அக்காலத்துப் படக்குழாயை வைக்கக் கைப்பிடியில் இடம் ஏது?

அடுத்த படி கலிபோர்னியாவில் நடந்தது. 1985இல் வெளிவந்த ஈட்டாக் நேவிகேட்டர் கருவியில் சாலை வரைபடம் ஒலிநாடா போன்ற பேழையில் பதிவு செய்யப்பட்டிருந்தது. சக்கரங்களில் இருந்த உணரிகளும் காந்தத் திசைமானியும் காரின் நகர்வைக் கணக்கிட்டன. இத்தகைய கணக்கில் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். ஆகவே கார் திரும்பும்போதெல்லாம், அந்தத் திருப்பம் வரைபடத்தின் எந்தத் தெருமுனையோடு பொருந்துகிறது என்று பார்த்துக் கருவி தன்னைத் தானே திருத்திக்கொண்டது. இன்றைய செல்பேசியும் இம்முறையைக் கைவிடவில்லை. புள்ளி வீட்டுக் கூரை மேல் ஓடாமல் சாலையின் மேலேயே ஓடுவது இதனால்தான்.

ஈட்டாக் என்பது பசிபிக் தீவு மாலுமிகளின் வழியறியும் முறையின் பெயர். படகு நிற்கிறது, தீவுகளே நகர்ந்து செல்கின்றன என்று கொள்வது அம்முறை. கருவியிலும் அப்படியே: கார் திரையில் ஓரிடத்தில் நிற்கும், வரைபடம் அதைச் சுற்றித் திரும்பும், எதிரே இருப்பது எப்போதும் மேலே இருக்கும். வரைபடத்தை மனத்துக்குள் திருப்பிப் பார்க்கும் வேலை ஓட்டுநருக்கு இல்லாமற் போனது. பல நிறுவனங்கள் கைமாறி, ஈட்டாக்கின் வரைபடச் சொத்து கடைசியில் டாம்டாம் நிறுவனத்தை அடைந்தது.

வானிலிருந்து வந்த உதவி

அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1973இல் ஜி.பி.எஸ். திட்டத்தை வகுத்தது, முதல் செயற்கைக்கோள் 1978இல் ஏவப்பட்டது. 1983 செப்டம்பரில் வழி தவறிச் சோவியத் வான்வெளிக்குள் சென்ற கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்தனர். அதன் பின்னரே இவ்வசதி பொதுமக்களின் பயன்பாட்டுக்கும் திறந்திருக்கும் என அமெரிக்க அரசு அறிவித்தது. ஆனாலும் பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டது. 100 மீட்டர் வரை தவறு வரும் கருவியை நம்பி எந்தச் சந்தில் திரும்புவது? 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழை நீக்கப்பட்ட பிறகே தெருவுக்குத் தெரு வழிகாட்டுவது நடைமுறைக்கு ஏற்றதாயிற்று.

கையுறை, மழை, அதிர்வு

சில ஆண்டுகளில் மோட்டார் சைக்கிளுக்கென்றே கருவிகள் வந்தன. டாம்டாம் ரைடர், கார்மின் சூமோ ஆகியவை அவற்றுள் முன்னோடிகள். சூமோ 550இன் பொத்தான்கள் இடப்பக்கம் வைக்கப்பட்டிருந்தன. வலக்கை ஆக்சிலேட்டரை விட முடியாது என்பதை அறிந்து செய்த வேலை அது. கையுறையோடு தொட்டாலும் வேலை செய்யும் திரை, நண்பகல் வெயிலிலும் தெரியும் வெளிச்சம், மழையைத் தாங்கும் உறை ஆகியவையும் இத்தகைய கருவிகளின் தேவைகளாயின. இவற்றில் ஒன்று குறைந்தாலும் திரையைப் பார்க்கும் நேரம் கூடிவிடும்.

பின்னர் செல்பேசி எல்லோர் கையிலும் வந்தது. தனிக்கருவிக்குப் பணம் எதற்கு என்ற எண்ணமும் வந்தது. செலவு மிச்சம்தான். ஆனால் செல்பேசி வண்டிக்காகச் செய்யப்பட்டதன்று. அதிகத் திறனுள்ள மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு ஐபோன் கேமராவின் நுண்பாகங்களைக் கெடுக்கலாம் என ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. வெயிலில் சூடேறி மங்குவதும், ஈரத் திரை விரலுக்குப் பணியாததும் அன்றாட அனுபவம். வழி நடுவில் அழைப்பும் குறுஞ்செய்தியும் அதே திரையில் வந்து விழுவது இவை எல்லாவற்றையும்விடக் கெட்டது.

இந்தியச் சாலைகளில்

இருசக்கர வண்டிக்கென்று தனி வழி காட்டும் வசதியைக் கூகுள் மேப்ஸ் 2017 டிசம்பரில் முதலில் இந்தியாவில்தான் அறிமுகப்படுத்தியது. கார் நுழைய முடியாத சந்துகளையும் கணக்கில் கொண்டது அது. அடுத்த ஆண்டு தமிழிலும் வழி சொல்லத் தொடங்கியது. தலைக்கவசத்துக்குள் இருக்கும் ஒலிபெருக்கியில் "இடப்பக்கம் திரும்பவும்" என்று கேட்டுவிட்டால் திரையைப் பார்க்கும் தேவையே பாதி குறைந்துவிடும்.

வண்டியோடு சேர்ந்த திரைகளிலும் தமிழ்நாட்டு நிறுவனங்களுக்கு முக்கிய இடம் உண்டு. டி.வி.எஸ். நிறுவனம் 2018இல் வெளியிட்ட என்டார்க் 125 ஸ்கூட்டரின் அளவுமானி, புளூடூத் வழியே செல்பேசியோடு பேசி அம்புக்குறியைக் காட்டியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு, 2020 நவம்பரில் மீட்டியார் 350 வண்டியில் டிரிப்பர் என்ற சிறு வட்டத் திரையை வைத்தது. அடுத்த திருப்பமும் அதற்குள்ள தூரமும் மட்டுமே அதில் தெரியும். முழு வரைபடம் இல்லையே என்று குறைப்பட்டவர்கள் இருந்தனர். 2023இல் வந்த ஹிமாலயன் 450இன் 4 அங்குலத் திரையில் வரைபடம் முழுமையாக வந்தது.

இரண்டில் எது நல்லது என்பது போகும் இடத்தைப் பொறுத்தது. நேரான நெடுஞ்சாலையில் அம்புக்குறி போதும். ஐந்தாறு சாலைகள் கூடும் நகரச் சந்திப்பிலோ மேம்பாலம் பிரியும் இடத்திலோ அம்புக்குறி குழப்பும். அங்கே வரைபடத்தை ஒருமுறை பார்த்தால் விளங்கிவிடும். நகரில் மட்டும் ஓட்டுபவர் பெரிய திரைக்கு ஆசைப்படுவதைவிட, வேண்டியபோது இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளக்கூடிய திரையைத் தேடுவது நல்லது.

தனியாக வாங்கும் 5 அங்குலத் திரைகளில் பல, செல்பேசியின் வரைபடத்தை ஆண்ட்ராய்டு ஆட்டோ அல்லது கார்ப்ளே வழியே காட்டுபவை. செல்பேசி சட்டைப்பையில் பத்திரமாக இருக்கும். ஆனால் அதன் மின்கலமும் இணையமும் தீர்ந்தால் திரையும் ஊமை. மலைப்பகுதிக்குச் செல்பவர் வரைபடத்தை முன்பே பதிவிறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஐபி67 என்ற குறியில் 6 என்பது தூசி புகாது என்பதையும், 7 என்பது 1 மீட்டர் நீரில் 30 நிமிடம் மூழ்கினாலும் தாங்கும் என்பதையும் குறிக்கும். சாவியை அணைத்த பின்னும் மின்சாரம் இழுக்கும்படி இணைத்துவிட்டால் சிறிய பேட்டரி ஓரிரு நாளில் இறங்கிவிடும். மெக்கானிக்கிடம் இதைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். பொருத்தும் இடம் சாலையைப் பார்க்கும் கண்கோட்டுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நன்று. பெட்ரோல் டாங்கின் மேல் வைத்தால் தலையையே குனிய வேண்டும்.

கண்ணுக்கு நேரே, தலைக்கவசத்துக்குள்ளேயே படம் காட்டும் முயற்சியும் நடந்தது. 2014இல் ஸ்கல்லி என்ற அமெரிக்க நிறுவனம் இதற்கென மக்களிடம் 24 லட்சம் டாலர் திரட்டியது, 2016இல் மூடப்பட்டது. முன்பணம் கட்டிய பலருக்குத் தலைக்கவசம் வந்து சேரவில்லை.

இந்தியச் சட்டமும் இதே வழியில் வந்திருக்கிறது. 2019 திருத்தத்தின்படி, ஓட்டும்போது கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவது ஆபத்தான ஓட்டுதலில் சேரும். 2020 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தம், வழி அறிவதற்கு மட்டும், அதுவும் ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில், அதைப் பயன்படுத்த இடம் தருகிறது.