நூறு நாள் அரிசி

கொச்சி மட்டாஞ்சேரியில் யூதர் தெருவுக்குப் போகிறவர்கள் பரதேசி சினகாகில் பதித்திருக்கும் சீன ஓடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். நானும் அப்படித்தான் திரும்பினேன். கட்டிய வருடம் 1568, பெல்ஜியம் விளக்குகள். அவ்வளவுதான் என் குறிப்பேட்டில். அதே தெருவில் வளர்ந்த ரூபி டேனியலின் நினைவு நூலையும் (1995), நேதன் கட்ஸ், எலன் கோல்ட்பெர்க் தம்பதியர் 1980களில் அங்கே தங்கி ஆராய்ந்து எழுதியதையும் பிறகு படித்தேன். நான் தேடியிருக்கவேண்டியது அடுக்களைகளை என்று அப்போதுதான் உறைத்தது.

பஸ்கா பண்டிகையின் அடிப்படை எளிது. எகிப்திலிருந்து புறப்பட்ட அவசரத்தில் மாவு புளிக்க நேரமில்லை. அதன் நினைவாக இஸ்ரேலில் 7 நாளும் வெளியே 8 நாளும் புளித்த மாவுப் பண்டம், அதாவது ஹமேட்ஸ், சாப்பிடக்கூடாது. வீட்டில் வைத்திருக்கவும் கூடாது. முந்தின நாள் இரவு விளக்கை வைத்துக்கொண்டு மூலைமுடுக்கெல்லாம் தேடுவார்கள். அகப்பட்டதைக் காலையில் எரித்துவிடுவார்கள். உலோகப் பாத்திரத்தைக் கொதிநீரில் முக்கி எடுத்தால் போதும். மண்சட்டிக்கு அந்தச் சலுகை கிடையாது, அதன் உடம்புக்குள் இறங்கியது வெளியே வராது என்பது சட்டம். ஆகவே பஸ்காவுக்கென்றே தனிப் பாத்திரங்கள். கொச்சியில் அவற்றுக்குத் தனி அறையே இருந்தது.

சரி, அரிசி? கோதுமை, பார்லி முதலான ஐந்து தானியங்கள்தான் ஹமேட்ஸ் ஆகும். அரிசி அதில் இல்லை. பாபிலோனிய தல்மூத் இதை விவாதிக்கிறது. அரிசி மாவு பொங்கினால் அது புளிப்பு ஆகாதாம், வெறும் அழுகலாம்! தோசை மாவு கரைக்கிற நமக்குக் கொஞ்சம் வலிக்கும். போகட்டும், அந்தத் தீர்ப்பால்தான் அரிசி பிழைத்தது. பஸ்கா இரவுக்கான இரண்டு பதார்த்தங்களாக ரவ் ஹூனா என்ற அறிஞர் சொன்னது பீட்கீரையும் அரிசியும்தான்.

ஆனால் அரிசி மூட்டையில் ஒரு கோதுமை மணி கலந்திருந்தால்? இந்தச் சந்தேகம் 13ஆம் நூற்றாண்டு பிரான்சில் பெரிதாகப் பேசப்பட்டது. கோர்பேய் ஊர் ஐசக் போன்ற ரபிகள் அரிசி, பயறு வகைகளை விலக்கும் வழக்கத்தை எழுதிவைத்தார்கள். ஐரோப்பாவின் அஷ்கெனாசி யூதர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அதில் பெரிய நஷ்டமும் இல்லை, அரிசி அங்கே அன்றாடச் சோறு அல்லவே.

கொச்சியில் அது நடக்காது. எட்டு நாள் சோறில்லாமல் மலையாளக் கரையில் யார் இருப்பது? எங்கள் துறை மொழியில் சொன்னால், பிரான்ஸ் உள்ளீட்டையே தடுத்துவிட்டது, கொச்சி ஒவ்வொரு உள்ளீட்டையும் சோதித்தது. இரண்டாவதற்கு ஆள்பலம் வேண்டும். அந்த ஆள்பலம் வீட்டுப் பெண்கள்.

ஹனுக்கா முடிந்த கையோடு வேலை தொடங்கிவிடும். நாட்காட்டியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஹனுக்காவின் கடைசி நாள் தேவேத் 2 என்றால், பஸ்காவுக்கு முந்தின நாளான நிசான் 14 வரை 27, 30, 29, 14. கூட்டினால் 100. (அதிக மாதம் வரும் வருடத்தில் 130.) அந்த நூறு நாளில் அரிசியை மணி மணியாகப் பார்த்து, விரிசல் விட்டதைக்கூட ஒதுக்கி, மசாலாச் சாமான்களைச் சுத்தம் செய்து, எல்லாவற்றையும் பஸ்கா அறையில் சேர்க்கவேண்டும். வீட்டுச் சுவரைச் சுரண்டிப் புதிதாக வெள்ளையடிப்பார்கள். கிணற்றையே இறைத்துத் தேய்த்துக் கழுவுவார்கள். மாவுத் துணுக்கு கிணற்றுக்குள் விழுந்திருந்தால் என்ன செய்வது என்று யோசித்திருக்கிறார்கள், பாருங்கள்.

படிக்கும்போது நமக்கு மடி, ஆசாரம் எல்லாம் ஞாபகம் வரும். கட்ஸ், கோல்ட்பெர்க் சொல்வதும் கிட்டத்தட்ட அதுதான்: பக்கத்திலிருந்த பிராமணர்களின் தூய்மைக் கட்டுப்பாடுகளை உள்வாங்கி, யூதச் சட்டத்துக்குள்ளேயே அதற்கு இடம் கண்டுபிடித்து, கேரளச் சமூகத்தில் தங்கள் உயர்ந்த தகுதியைக் காட்டிக்கொண்டார்கள் என்பது அவர்கள் வாதம்.

எனக்கு இதில் பாதிதான் சம்மதம். பாக்தாத், பாரசீக யூதர்களும் பஸ்காவில் அரிசி சாப்பிடுகிறவர்கள்தான், அவர்களும் பொறுக்கித்தான் சமைத்தார்கள். அரிசியை மூன்று முறை பார்க்கும் வழக்கம் பல செபார்டிக் வீடுகளில் இன்றும் உண்டு. அங்கெல்லாம் எந்த பிராமணரைப் பார்த்துக் கற்றார்கள்? சோறு தின்கிறவன் அரிசி பொறுக்கித்தான் ஆகவேண்டும். ஆனால் நூறு நாளுக்கு முன்பே தொடங்குவதும் கிணறு இறைப்பதும் அரிசிக் கணக்கில் அடங்காது. அந்த இடத்தில் அவர்கள் சொல்வது நிற்கிறது.

என்னை உறுத்துவது வேறு. அரிசியைத் தடுத்த ரபிகளின் பெயர்கள் ஏழு நூற்றாண்டுகளாக நூல்களில் வாழ்கின்றன. அதே சிக்கலை முறத்தில் தீர்த்தவர்களைப் பற்றி அவர்களில் ஒருத்தியே எழுத, ரூபி டேனியல் 1951இல் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்து கிழவியாகும் வரை காத்திருக்கவேண்டியிருந்தது. 2015இல் அமெரிக்கக் கன்சர்வேடிவ் ரபிகளின் குழு அரிசி, பயறை எல்லோருக்கும் அனுமதித்தபோது, மட்டாஞ்சேரியில் பொறுக்குவதற்கு அநேகமாக ஆளே மிச்சமில்லை.

அந்தத் தெருவில் இப்போது வரிசையாகக் கடைகள். அடுத்த முறை போனால் ஓடுகளை விட்டுவிட்டு, ஏதாவது ஒரு பழைய வீட்டில் கிணற்றைக் காட்டச் சொல்லிக் கேட்கவேண்டும்.