சுங்கை ரோட்டுக்குப் போன பழசு

சிங்கப்பூரில் வீடு வீடாக வந்து பழசு வாங்குபவரைக் காராங் குனிக்காரர் என்போம். காராங் என்பது மலாயில் சாக்கைக் குறிக்கும் ‘காருங்’ என்ற சொல்லின் திரிபு. குனி வேறொன்றுமில்லை, நம்ம கோணியின் சொந்தக்காரச் சொல்தான். தோளில் சாக்கோடு தெருவில் நடந்தவர்கள், அடுக்குமாடிகள் வந்தபின் தள்ளுவண்டிக்கும் ஹாரனுக்கும் மாறினார்கள். சுவா சூ காங்கில் எங்கள் புளோக்கில் அந்த ஹாரன் சத்தம் இன்னும் கேட்கிறது. முன்பு போல அடிக்கடி இல்லை.

அந்தச் சாக்கில் போனதில் ஒரு பங்கு சுங்கை ரோட்டுக்குப் போனது. தேக்காவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரம். 1930களில் ரோச்சோர் கால்வாயை ஒட்டி உருவான சந்தை அது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், 1942 முதல் 1945 வரை, எதுவும் கிடைக்காத ஊரில் எல்லாம் கிடைத்த இடமாக இருந்தது. களவுப் பொருளும் கைமாறியதால் திருட்டுச் சந்தை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பின்னாளில் அங்கே விற்றதெல்லாம் ஓடாத கைக்கடிகாரம், ஒற்றை ரிமோட், பழைய நாணயம், யாரோ போட்டுக் கழித்த சட்டை. தரையில் விரித்த துணிதான் கடை. வாடகை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்கு வரும் ஊழியர்களில் சிலர் அங்கேயும் ஒரு நடை போய் வருவார்கள்.

2011இல் எம்ஆர்டி வேலைக்காகச் சந்தையின் பாதி போனது. மீதியும் 2017 ஜூலை 10ஆம் தேதியோடு முடிந்தது. மூன்றே மாதத்தில் பக்கத்தில் ஜாலான் புசார் நிலையம் திறந்தது. நிலப் பற்றாக்குறை உண்மைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் மூடப்பட்டதைச் சந்தை என்று மட்டும் பார்த்தால் கணக்குத் தப்பும். எனக்கு வேண்டாதது இன்னொருவருக்கு வேண்டியிருக்கலாம் என்பதைப் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்துச் சொல்லத் தெரிந்த ஆட்கள் அங்கே இருந்தார்கள்.

குப்பைக்கும் இங்கே நிலம் இல்லை. எங்கள் வட்டாரத்துக்கு அருகே லிம் சூ காங்கில் இருந்த குப்பை நிலம் 1992இல் மூடப்பட்டது. லோரோங் ஹாலுஸ் 1999 மார்ச் 31இல். மறுநாளே செமாக்காவ் தீவு பொறுப்பேற்றது. இன்று எரிக்க முடிந்ததை எரித்து, சாம்பலைப் படகில் ஏற்றி அங்கே கொட்டுகிறார்கள். 2035 வரை தாங்கும் என்பது கணிப்பு.

இந்த நெருக்கடியில்தான் விதிகள் வந்தன. சில விதிகளை நான் பொறியாளனாக மனதார ஏற்கிறேன். 2019 ஜூலையில், எங்களுக்குப் பக்கத்து ஊரான புக்கிட் பாத்தோக்கில், மின்ஸ்கூட்டரால் மூண்ட தீ ஒருவர் உயிரைப் பறித்தது. வீங்கிய லித்தியம் பேட்டரியை யார் வாங்குவார் என்று தேடக்கூடாது, பாதுகாப்பாக அகற்றத்தான் வேண்டும். 2021 ஜூலை முதல் நடப்பிலுள்ள மின்கழிவுத் திட்டத்தில் தயாரிப்பாளருக்கும் பொறுப்பு உண்டு. புது குளிர்சாதனப் பெட்டி கொண்டுவரும் கடைக்காரர், கேட்டால் பழசைக் காசு வாங்காமல் எடுத்துப் போகவேண்டும். நல்ல ஏற்பாடு.

நாற்காலிக்கு என்ன வழி? தாழ்வாரத்தில் வைத்தால் தீயணைப்பு விதி குறுக்கே வரும். கீழ்த்தளத்தில் போட்டால் குப்பை போட்ட குற்றம். நகர மன்றத்துக்குப் போன் போட்டால் வந்து தூக்கிப் போவார்கள், அநேகமாக எரிப்பதற்கு. இரட்சணிய சேனைக்குக் கொடுக்கலாம், கால் ஆடாமல், துணி கிழியாமல் இருந்தால். அவர்களைக் குறை சொல்ல முடியாது. விற்க முடியாததைச் சுமப்பதும் அவர்களுக்குச் செலவுதான். ஆனால் கால் ஆடும் நாற்காலியை இரண்டு ஆணி அடித்து ஐந்து வெள்ளிக்கு விற்ற கை சுங்கை ரோட்டில் இருந்தது. அந்தக் கைக்கு எந்த விதியிலும் இடமில்லை.

மின்கழிவுப் பட்டியலையே பாருங்கள். கணினி, கைபேசி, சலவை இயந்திரம், தொலைக்காட்சி, விளக்கு, பேட்டரி எல்லாம் உண்டு. ரைஸ் குக்கர் இல்லை. அதற்கு இன்னமும் அந்த ஹாரன் சத்தத்துக்குத்தான் காத்திருக்கவேண்டியிருக்கிறது.